பூச்சியும் சிவப்புக் கொடியும்

1931 ஏப்ரல் 6

இன்றும் எங்கள் நாய் பூச்சி என்னைக் கீழே தள்ளிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. பெயர்தான் பூச்சி, இழுப்பது வண்டிமாடு மாதிரி. கயிற்றைக் கட்டினால் போதும், கழுத்து நெரிந்து இருமினாலும் விடாது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டதா என்று பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் கேட்டாள்.

எனக்கு இது வேடிக்கையில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து வாரம். கால் கட்டைப் பிரித்தாயிற்று, இன்னும் வாசற்படி தாண்டவில்லை. தினமும் நடக்காவிட்டால் கால் விறைத்தே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்தே போன மனிதர்! என் தோளைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றால், "பொண்டாட்டி தோளப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல போறதா? ஆளுங்க சிரிப்பாங்க" என்கிறார்.

நாயோடு நடந்தால் யார் சிரிப்பார்கள்? ஒரு கையில் தடி, ஒரு கையில் கயிறு. அதற்குத்தான் இந்தப் பாடு. ஆனால் இது இப்படி இழுத்து, அவர் விழுந்துவிட்டால் — வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8

அடித்துப் பார்த்தேன். நாயும் அழுதது, நானும் அழுதேன். இனி அடிக்கமாட்டேன்.

ஏப்ரல் 11

அவரோடு ரயில்வேயில் வேலை செய்யும் நாகையா அண்ணன் வந்தார். பூச்சி என்னை இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நாங்க பண்ண வேலதான், தங்கச்சி."

தண்டவாளத்தைச் சோதிக்க டிராலி தள்ளிக்கொண்டு போவார்களே, அதன் முன்னால் பூச்சியைக் குட்டியிலேயே விளையாட்டாகக் கட்டிவிட்டார்களாம். கயிறு விறைக்க இழுத்தால் ஒரு துண்டு கருவாடு. போட்டது வேறு யார்? என் வீட்டுக்காரர்தான்! பாவம், அதுக்கு என்ன தெரியும்? கயிறு கட்டினால் பின்னால் டிராலி வருகிறது என்று நினைத்திருக்கிறது. இத்தனை நாளும் நான்தான் அந்த டிராலி.

எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். சிவப்புக் கொடி பிடித்தால் டிராலியும் நிற்கும், நாயும் நிற்கும் என்றார்.

அவருடைய கொடி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. டிராலியைத் தூக்கும்போது காலில் விழுந்ததே, அன்றைக்கு மடித்து வைத்தது. பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. கேட்டால் தருவாரா?

ஏப்ரல் 12

கேட்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

நாகையா அண்ணன் சொன்னது நிஜம். கயிறு விறைத்தால் கொடி பிடிக்கிறேன், நிற்கிறது. கயிறு தொய்ந்தால் கருவாடு போட்டு நடக்கிறேன். தெருக்கோடிக் குழாயடிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆனது. ரயில் வருகிறதா என்று பவுனம்மாள் கேட்கிறாள். முந்தானையெல்லாம் கருவாட்டு வாசம்.

ஏப்ரல் 17

வாசலில் கொடியோடு நின்றதை அவர் சன்னலிலிருந்து பார்த்துவிட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"கொடிய அப்படிக் கசக்கிப் புடிக்கக் கூடாது, புள்ள. கைய நீட்டி, அசையாமப் புடி."

பிடித்தேன். சரியில்லை என்றார். மறுபடி பிடித்தேன். அதுவும் சரியில்லை. கடைசியில் கதவைப் பிடித்து, தடியை ஊன்றி, படியிறங்கி வந்து என் கையை நேராக்கினார். படியிறங்கியதை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே ஏறிப்போயிருப்பார்.

எனக்குக் கொடி பிடிக்கத் தெரியாதது எவ்வளவு நல்லதாயிற்று.

ஏப்ரல் 24

மழை. மூன்று பேரும் வீட்டுக்குள். கருவாட்டை அவரே சின்னத் துண்டாக நறுக்கி வைத்தார்.

மே 2

இன்று கொடி வேண்டியிருக்கவில்லை. கயிறு விறைத்தால் நான் நிற்கிறேன். பூச்சி திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கமாக வருகிறது. கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன், தெருவென்றும் பார்க்காமல்.

மே 9

கயிறு அவர் கையில். நான் நாலடி பின்னால். பூச்சி இழுக்கவில்லை. அவர் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைத்து, நின்று, பார்த்து நடந்தது.

எதிரே வந்த பால்காரர், நாயைக் கூட்டிப்போகிறீர்களா அண்ணே என்று கேட்டார்.

"ஆமாப்பா," என்றார் அவர். "ரொம்ப நாளா வெளிய வரல. பாவம்."

குழாயடியில் நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கால் நடுங்கியது தெரிந்தது. ஓடிப் பிடிக்கக் கை பரபரத்தது, போகவில்லை. அவர்தான் திரும்பி, கயிற்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். காலியான கையை என் தோளில் வைத்தார்.

"போலாம் புள்ள."

வீடு வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பவுனம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.