மூணு மணிச் சாப்பாடு

ஜூலை 6, 1944. வியாழன்
காலையிலிருந்து மழை. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக் கரியும் ஈரம். ராஜி ஓயாமல் அழுகை. நாலு மாதக் குழந்தைக்குக் கை இப்படியா சூம்பிக் கிடக்கும்? பால் போதவில்லை. முதல் இரண்டு மாதம் வழிந்ததே, இப்போது ஏன்?

எதிர் பிளாட் மாமி: "கண்ணு பட்டிருக்குடீ. மிளகாய் சுத்திப் போடு." போட்டேன். நெடி கமறித் தள்ளியது. கண் பட்டிருந்தால் நெடியே வராதாம். அப்போ கண் இல்லை.

ஜூலை 7
வெந்தயக் கஞ்சி, பூண்டுப் பால். பலன் பூஜ்யம்.

தந்தி ஆபீசில் இவருக்கு ராத்திரி டூட்டி வந்து இரண்டு மாதம். விடிந்து வருவார். சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சல். அதனால் குளியல், தூக்கம், மூன்று மணிக்கு எழுந்துதான் சாப்பாடு. அவர் சாப்பிட்ட தட்டில் பிறகு நான். மாமி தினமும் விசாரிப்பாள்: "பாவம், ராத்திரி முழிச்சா உன் ஆத்துக்காரர் உடம்பு என்னத்துக்காகும்?"

ஜூலை 9, ஞாயிறு
டூட்டி மாறியபின் அவருக்கு இன்றுதான் முதல் லீவு. பத்து மணிக்கே சாப்பிட்டார், பின்னாலேயே நானும். மோர்க்குழம்பு, சேப்பங்கிழங்கு. ரேஷன் அரிசியில் ஒரே நாற்றம். இருந்தாலும் இரண்டாந்தரம் போட்டுக்கொண்டேன். மத்தியானம் ரவிக்கை நனைந்துவிட்டது! ராஜி குடித்துவிட்டு விளக்கேற்றும்வரை தூக்கம். இதென்ன அதிசயம்? மோர்க்குழம்பா?

ஜூலை 10
பார்த்துவிடுவோம் என்று அதே மோர்க்குழம்பு. அவர் எழுந்தபின், மூன்று மணிக்கு. பால் இல்லை, ராஜி வீறிட்டுக் கத்தல். அப்போ குழம்பு இல்லை, வேளை! டூட்டி அவருக்கு, பட்டினி எனக்கும் குழந்தைக்குமா? அட மண்டூகமே, இது தெரிய இத்தனை நாளா? என் மேலேயே ஆத்திரம்.

ஜூலை 11
வெயில் எட்டிப் பார்த்தது. பத்து மணிக்குத் தனித் தட்டு. அவருக்கு முன்னால் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. இரண்டாவது கவளத்தில் சமையலறை வாசலில் அவர். தண்ணீர் குடிக்க எழுந்தாராம்.

"நான் இன்னும் சாப்பிடலையே?"

"தெரியும். உங்களை எழுப்பிச் சாப்பாடு போட்டா உங்க நெஞ்சு எரியறது. காத்துண்டிருந்தா பால் வத்தி, குழந்தை வயிறு காயறது. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்கோ?"

தூளியில் கிடந்த ராஜியின் கையைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் விடவில்லை.

"இத்தனை நாளா மூணு மணி வரைக்கும் நீ ஒண்ணும் சாப்பிடறதே இல்லையா?"

"காபி குடிப்பேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. சாப்பிடுவதை நிறுத்தவில்லை.