கூடத்துக்கு வந்த கண்வலி

4 ஜூலை, செவ்வாய்

என்னங்க,

போனில் அனுப்பும் செய்தியை நீங்கள் பார்ப்பதே இல்லை. அதனால்தான் காகிதம். பால் பாத்திரத்துக்கு அடியில் வைத்தால் கட்டாயம் எடுப்பீர்கள்.

எனக்குக் கண்வலி. கண் ஆஸ்பத்திரி நர்ஸுக்கே கண்வலியா என்று வார்டில் ஒரே சிரிப்பு. சனிக்கிழமை இரவு வேலையிலேயே உறுத்த ஆரம்பித்தது. ஞாயிறு பகல் தூக்கத்தில் நீராக வடிந்தது. தூசி என்று நினைத்து அன்று இரவும் வேலைக்குப் போய்விட்டேன். நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வைரஸ்தான், தானா போயிடும். ஆனா சிவப்பு போறவரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாத" என்று விரட்டிவிட்டார். இன்று காலை இமைகள் ஒட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்த பிறகுதான் உலகம் தெரிந்தது.

நான் உள்ளறையிலேயே இருக்கிறேன். நீங்கள் வழக்கம்போலக் கூடத்தில் இருங்கள். என் துண்டையும் சோப்பையும் தொட வேண்டாம். குழாயையோ கதவுப் பிடியையோ தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். நீங்கள் விடிகாலை நாலு மணிக்கு பஸ் எடுக்கப் போகிறீர்கள், நான் காலை எட்டு மணிக்கு வீடு திரும்புகிறேன். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டே எத்தனையோ மாதம் ஆயிற்று. உங்களுக்கு ஒட்ட வழியே இல்லை, அந்த மட்டும் நல்லது.

இன்னொரு விஷயம். வேறு ஊரில் ஆஸ்பத்திரியின் கிளை திறக்கிறார்கள். தலைமை நர்ஸாக வருகிறாயா என்று கேட்கிறார்கள். இரவு வேலை கிடையாது, ஆனால் அங்கேயேதான் தங்க வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
உள்ளறைக்காரி

5 ஜூலை, புதன்

நர்ஸம்மாவுக்கு,

பால் வாங்கி வைத்திருக்கிறேன். கதவுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாடு இருக்கிறது. உப்பு குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன்னைப் பார்த்தாலே எனக்கும் வந்துவிடும் என்று டிப்போவில் சொன்னார்கள். அதனால் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு நடந்ததில் முழங்கால் நாற்காலியில் இடித்துக்கொண்டது. மகள் விடுதியிலிருந்து பேசினாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, லேசான கண்வலிதான் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கூடத்தில் இருப்பவன்

7 ஜூலை, வெள்ளி

என்னங்க,

பார்த்தால் ஒட்டாது. ஒட்டுவதெல்லாம் கையாலும் துணியாலும்தான். கறுப்புக் கண்ணாடியை எனக்குக் கொடுத்தாலாவது வெளிச்சம் கூசாமல் இருக்கும். நீங்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

எரிச்சல் குறைந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் துணி நனைத்துக் கண்மேல் போட்டுப் படுத்தால் சுகமாக இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகலில் சும்மா படுத்துக் கிடப்பது இப்போதுதான்.

நான் கேட்ட கேள்விக்கு உப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மறந்துவிட்டீர்களா, மழுப்புகிறீர்களா?

உள்ளறைக்காரி

9 ஜூலை, ஞாயிறு

நர்ஸம்மாவுக்கு,

எனக்கும் வந்துவிட்டது. இடது கண் பழுத்த தக்காளி மாதிரி இருக்கிறது. "இந்தக் கண்ணோட பஸ்ஸ எடுத்தீங்கன்னா ஜனங்க இறங்கி ஓடிருவாங்க, வீட்டுக்குப் போங்கண்ணே" என்று டிப்போவில் அனுப்பிவிட்டார்கள். எல்லாம் பஸ் கூட்டத்தில் வந்த வினை. மெக்கானிக் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அவர் வீட்டில் நாலு பேருக்கு அதில்தான் சரியானதாம். போடட்டுமா?

கூடத்தில் இருப்பவன்

9 ஜூலை, ஞாயிறு மாலை

என்னங்க,

அந்த மருந்தைக் குப்பையில் போடுங்கள். நாலு பேர் இமையில் பட்ட பாட்டில் மூக்கு அது. உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சில சொட்டு மருந்து நோயைக் கிளறிவிடும். சுத்தமான துணியை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு துணி. தலையணை உறையைத் தினமும் மாற்றி வெந்நீரில் அலசுங்கள். பார்வை மங்கினாலோ வலி குத்தினாலோ உடனே சொல்லுங்கள், டாக்டரம்மாவிடம் காட்டிவிடலாம்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் நாலு பேர் கை பட்ட காசும் கம்பியும் நடத்துநருக்குத்தான். அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர எதையும் தொடாத உங்களுக்கு வந்திருக்கிறது. என் துண்டை எடுத்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், திட்டமாட்டேன்.

இரண்டு பேரும் வீட்டில் இருந்துகொண்டு கதவுக்கு அடியில் கடிதம் தள்ளுகிறோம். மகளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

உள்ளறைக்காரி

11 ஜூலை, செவ்வாய்

நர்ஸம்மாவுக்கு,

துண்டை எடுக்கவில்லை. திட்டமாட்டேன் என்று நீ எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

உனக்கு இரவு வேலை இல்லாத நாளில் நான் காலையில் எழுந்திருக்கும் சத்தத்தில் உன் தூக்கம் கெடக்கூடாது என்றுதான் கூடத்துக்கு வந்தேன். அப்படியே தங்கிவிட்டேன். மகள் விடுதிக்குப் போன பிறகு வீடு ஒரு மாதிரியாக இருக்கிறது. நீ இரவு வேலைக்குப் போகும் நாளில் உள்ளே போய் உன் தலையணையில் படுத்துக்கொள்வேன். தைல வாசனை இருக்கும். போகும்போது உறையை நீவிவிட்டு, விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் படுத்திருந்தேன். உனக்குக் கண்வலி என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேறொன்றும் இல்லை.

கூடத்தில் இருப்பவன்

13 ஜூலை, வியாழன்

என்னங்க,

படித்ததும் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் அழுகை. அழுதால் கண் இன்னும் எரிகிறது, அதற்கும் உங்கள்மேல்தான் கோபம்.

வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு இரவு வேலை கிடையாது. அன்றைக்கு நான் உள்ளே கிடக்கிறேன், நீங்கள் கூடத்தில் கிடக்கிறீர்கள். நான் இருக்கும்போது எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு, நான் இல்லாதபோது என் தலையணை கேட்கிறதா? இந்த மனுஷனுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் அந்த வேலைக்கு மனசு போனது. எனக்கு அலுத்துவிட்டது. வேலையைச் சொல்லவில்லை, பேச்சுத் துணை இல்லாத வீட்டைச் சொல்கிறேன்.

அந்த வேலைக்குப் பதில் கேட்டு எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் நாளைக் காலை பதினோரு மணிக்கு போன் செய்வார். நீங்கள் இரு என்றால் இருக்கிறேன். போ, நானும் பின்னாலேயே வருகிறேன் என்றாலும் சரி. ஒன்றும் சொல்லாவிட்டால் போய்விடுவேன். இதற்குப் பதில் எழுதாதீர்கள். கதவைத் திறந்து, தள்ளி நின்று, வாயால் சொல்லுங்கள். பேசினால் கண்வலி ஒட்டாது. நான் விழித்துத்தான் இருப்பேன்.

உங்கள் மனைவி

26 ஆகஸ்ட், சனி

என் நர்ஸம்மாவுக்கு,

நீ போன பிறகு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எழுதாதே என்றவளுக்கே எழுதிக்கொண்டிருந்தால் எப்படிப் பதில் வரும்?

மேட்ரன் போன் செய்த அன்று காலையில் நான் கதவுவரை வந்தேன். அது உனக்குத் தெரியாது. பிடியில் கை வைத்தபோது நீ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பாவம், இப்போதுதான் எரிச்சல் குறைந்து கண்ணயர்ந்திருப்பாள், எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். திரும்பிப் போய்க் கையைக் கழுவினேன். நீ சொன்னதில் அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே போன் அடித்தது, "சரிங்க மேடம், வர்றேன்" என்று நீ சொன்னது கூடத்துக்குக் கேட்டது. அப்போதாவது உள்ளே வந்திருக்கலாம்.

கிளம்பும் அன்று பெட்டியோடு நின்று "போயிட்டு வரேங்க" என்றாய். என் முகத்தையே பார்த்தாய். நான் "பாத்துப் போ" என்றேன். அதற்குப் பிறகு நான் உள்ளறையில் படுக்கவே இல்லை.

இதை நீ இப்போது இருக்கும் ஊருக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கிறது. பயணி இருக்கையில் உட்கார்ந்து பழக்கமில்லை. வளைவு வந்தால் என் கால் பிரேக்கைத் தேடுகிறது, பக்கத்தில் இருக்கும் அம்மா நகர்ந்து உட்காருகிறார். உன் ஊர் டிப்போவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவேன். இந்த வயசில் அது பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் தனியாக என்னால் முடியவில்லை. எனக்கு நீ வேண்டும். எழுதும்போது இது எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

நடத்துநர் உன் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இந்தக் காகிதம் கையில் இருந்தால் உன்னிடம் நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் இறங்குவதற்கு முன்னாலேயே கிழித்துப் போட்டுவிடப் போகிறேன்.