மஞ்சள் குறி வைத்த குட்டி

எலிகள் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் ஆராய்ச்சிக் கூடத்து வேலையை விட்டேன் என்று இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்ளோ எளகுன மனசு ஆன்ட்டி" என்றாள். எனக்கு இளகிய மனமில்லை. அது உனக்குத் தெரியும். உண்மைக் காரணம் உனக்கும் தெரியாது. அதை இன்று எழுதிவிடுகிறேன்.

காலையில் எதிர்மனைப் பட்டறையில் மரம் அறுத்தார்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் சாமான் அடைக்கும் பெட்டிகள் அங்கேதான் செய்கிறார்கள். மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எலிக் கூண்டுகளில் நீ பரப்பும் தூளின் அதே வாசனை. குட்டியைத் தொடுமுன் அந்தக் கூண்டின் பழைய தூளை அள்ளி முழங்கை வரை தேய்த்துக்கொள்வாய். "மன்ச வாசன பட்டா தாயே கடிச்சுப் போட்ரும் நோட்டம்மா" என்பாய். பதிவேடு எழுதுகிறவள் என்பதால் நான் உனக்கு நோட்டம்மா.

பென்னலூருக்கு அப்பால் சவுக்குத் தோப்புக்குள் இருந்தது அந்த ஓட்டுக் கட்டடம். எழுபதுகள். குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு ஏன் வருகிறது என்று அறிவதற்காக, கண் திறக்காத எலிக்குட்டிகளை டாக்டர் வெப்பக் காற்றில் சூடேற்றுவார். நீ குட்டியைக் கொண்டுவந்து வைப்பாய். எத்தனையாவது விநாடியில் வலிப்பு தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச் பிடித்து நான் எழுதுவேன்.

என் மகனுக்கும் காய்ச்சலில்தான் தொடங்கியது. அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. உடம்பு நடுங்குகிறதே என்று ஜன்னலைச் சாத்தி, கம்பளியால் இறுகச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அந்தக் கம்பளிக்குள்தான் முதல் வலிப்பு. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. பேசத் தொடங்கியிருந்த நாலு சொல்லும் போயிற்று. கம்பளியைப் பற்றி என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. ஒரு மத்தியானம், சூட்டில் விறைத்த குட்டியின் கணக்கை எழுதி முடித்ததும் உன்னிடம் சொன்னேன். ஏன் உன்னிடம் என்று இன்றும் தெரியவில்லை. நீ கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்து போனாய்.

மறுநாள் காலை, நான் குடையை மடிக்குமுன் வாசலில் வந்து நின்றாய்.

"நோட்டம்மா, வால்ல மஞ்ச மார்க்கு போட்ட குட்டி கீதே, அது இஸ்துக்கிச்சும்மா."

"இன்னும் சூடே வைக்கலையே, வலிப்பு எப்படி வரும்?"

"அதத்தான் சொல்றேன். சூடும் வெக்கல, ஒண்ணும் வெக்கல. தாய்கிட்ட சும்மா கெடந்துச்சு. அப்டியே வெறச்சுக்கினு இஸ்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்ப மணி என்ன? எத்தனை செகண்டு?"

"இன்னாம்மா நீ! குட்டியப் பாப்பனா, கடியாரத்தப் பாப்பனா?"

"நேரம் இல்லாம நோட்ல ஏத்த முடியாது. எழுதிக் குடு, டாக்டர்கிட்ட காட்டறேன்."

"கைநாட்டுக்காரிகிட்ட எழுத்து கேக்குது பாரு" என்று சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "அந்தக் குட்டிக்கு யாரும்மா கம்பளி போத்துனாங்க?"

எனக்கு முகம் சுட்டது. "உன் வேலையைப் பாரு" என்றேன்.

அந்தக் குட்டியின் முறை வந்தபோது மற்றவற்றைப் போலவே சூட்டில் வலிப்பு கண்டது. அதை எழுதினேன். அதற்கு மேலே ஒரு வரியைக் காலியாக விட்டேன். நான் எழுதிய பதிவேடுகளில் காலி வரி அது ஒன்றுதான்.

அறுவடைக்கென்று உன் ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் போனவள் நீ திரும்பவில்லை. அதன்பின் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து கூண்டுகளின் முன் உட்கார்ந்தேன். சூடு படாத குட்டி ஒன்றுக்காவது தானாக வலிப்பு வருகிறதா என்று ஸ்டாப்வாட்ச்சும் கையுமாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுக்கும் வரவில்லை. சூடு வைக்கும் நேரம் வந்தும் கூண்டை விட்டு எழ மனம் வராது. முந்தைய நாளின் கணக்குகள் தேங்கத் தொடங்கின. "யாரோட வேலையம்மா இங்க பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். நான் பார்த்தது என் சொந்த வேலையை. அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். இரக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மகன் பதினாறு வயது வரை இருந்தான். மார்கழிக் குளிரில்கூட அவனுக்கு நான் கம்பளி போர்த்தியதில்லை. கையைக் காலைக் குறுக்கிக்கொண்டு கிடப்பான், பார்த்துக்கொண்டு நிற்பேன். அடக்கத்தன்றுதான் போர்த்தினேன்.

சேரப்பணஞ்சேரி எட்டாத ஊரில்லை. ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும். நானாகப் போய்க் கேட்பதா என்று கௌரவம் பார்த்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை உன் மகள் ஷிப்ட் முடிந்து கம்பெனிக் கோட்டோடு வந்தாள். "அம்மா தவறிப் போயி பதினாறு நாளாச்சு" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். "உங்களப் பத்தி நெறைய சொல்லும். நோட்டம்மா காயிதத்துல இருந்தாத்தான் நம்பும்னு சொல்லி சிரிக்கும்." மஞ்சள் குறிக் குட்டியைப் பற்றிக் கேட்டேன். "எலிக் கதயெல்லாம் சொன்னதில்லம்மா" என்றாள்.

பதிவேடு எந்த அலமாரியில் மட்கியதோ தெரியாது. காலி வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. நீ உண்மையாகவே பார்த்திருந்தால், என் மகனும் வலிப்பைத் தன்னோடு கொண்டே பிறந்திருக்கலாம். முந்தின நாள் நான் சொன்னதைக் கேட்டு மனம் பொறுக்காமல் இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தாய் என்றால், அந்தக் கம்பளியின் பழி என் கையில்தான் இருக்கிறது.

பார்த்தாயா, எனக்காகச் சொன்னாயா? எழுத்தில் பதில் அனுப்பு. நேரம் குறிக்க வேண்டாம். கைநாட்டு போதும்.