ஓடாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

பழகுகிற காரின் கிளட்ச் மறுபடியும் போய்விட்டது. மருந்துக்கடைக்காரம்மா மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். கருகிய நாற்றம் வந்தது, அதோடு சரி. தன்னால்தான் என்று அந்த அம்மா அழுதேவிட்டார். இல்லையம்மா, உங்களுக்கு முன்னால் ஊரே மிதித்த மிதி இது என்றேன். சமாதானம் ஆகவில்லை. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். நான் கத்திக்கொண்டே தள்ளினேன் என்று நினைக்கிறேன்.

நாத்தனார் மேஜையை விட்டு எழுந்திருக்காமலே முடிவு செய்துவிட்டாள். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் சாலை என்னுடையது, மேஜை அவளுடையது. பெயர் எழுதிக்கொள்வது, விதிகள் வகுப்பு எடுப்பது, லைசென்ஸ் ஆபீசில் மல்லுக்கட்டுவது எல்லாம் அவள். அவள் என் கணவரின் தங்கை என்பதே எனக்குச் சில நாள் மறந்துபோகும்.

"சனிக்கிழமை ஏலத்துக்குப் போங்க அண்ணி. ஓடாத வண்டியா பாத்து வாங்குங்க. ஓடித் தேஞ்சதெல்லாம் நமக்கு வேணாம்."

சரி என்றேன்.

மார்ச் 8, சனி

வாங்கிவிட்டேன்.

என்ன வாங்கினேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை லாரியில் வரும். நல்ல வண்டியா என்று அவர் கேட்டார். நல்ல வண்டி என்றேன். பொய் இல்லையே?

மார்ச் 9, ஞாயிறு

எழுதினால் விளங்கும் என்று எழுதுகிறேன்.

சின்ன வெள்ளைக் கார் ஒன்றைக் குறி வைத்துத்தான் போனேன். அதை ஒரு தடியர் கொண்டுபோய்விட்டார். வேறு இரண்டு வண்டிகள் வந்தன, இரண்டும் ஓடித் தேய்ந்தவை. கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது நாலு பேர் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கரும்பச்சை. கூரை துணியால் ஆனது, பொத்தானை அழுத்தினால் மடங்கிப் பின்னால் போகிற வகை. ஒரு பல் டாக்டர் ஆசையாக வாங்கி ஷெட்டில் வைத்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம்.

"சொகுசு கார். மீட்டரைப் பாருங்க, புதுசு மாதிரி. ஆனா ஓடாது. பாத்துக் கேளுங்க," என்றார் ஏலக்காரர். கூட்டம் சிரித்தது. கூரையாவது திறக்குமா என்று யாரோ கேட்டார்கள். அதுவும் தெரியாதாம்.

உள்ளே பார்க்கலாம் என்றதும் போய் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், ஓட்டுகிற பக்கம் போகாமல் பக்கத்து இருக்கைக்குப் போனேன். தோல் சுருங்கவே இல்லை. யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை போல. காலடியில் பார்த்தேன். பிரேக் இல்லை, கிளட்ச் இல்லை. கம்பளம் மட்டும். எல்லாக் காரிலும் அப்படித்தான் இருக்கும், எங்கள் காரில்தான் என் பக்கமும் மிதி இருக்கும், இது எனக்குத் தெரியாதா? ஆனாலும் காலை நீட்டினேன். நீட்டிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஓடாத வண்டியை யாரும் சீந்தவில்லை. ஒரு சின்ன காரின் விலைக்கு வந்து நின்றது. ஒரு தரம், இரண்டு தரம் — என் கை மேலே இருந்தது. மூன்று தரம்.

ஏன் தூக்கினேன்? எழுதியும் விளங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

லாரி வந்தது. நாத்தனார் வாசலுக்கு வந்து நின்றாள். இறக்கி முடிக்கும்வரை வண்டியையே பார்த்தாள். பிறகு, "இது என்ன அண்ணி?"

பயத்தில் வாய் உளறிவிட்டது. "நீதானே சொன்னே, ஓடாத வண்டியா வாங்கச் சொல்லி."

வண்டியைப் பார்க்க வந்திருந்த என் கணவர் பக்கென்று சிரித்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுவதும் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற மனிதர், தங்கையின் கண்ணைப் பார்க்கத் தெரியவில்லை. "நீ சொன்னத அப்படியே செஞ்சிருக்காம்மா," என்றார் அவளிடம்.

அவள் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தாள். புது வண்டிக்கென்று ஒட்ட எழுதி வைத்திருந்த, பழகுகிற வண்டி என்று காட்டும் 'ப' எழுத்து அட்டையை எடுத்து இழுப்பறையில் போட்டாள்.

மார்ச் 12, புதன்

வண்டி ஆபீஸின் பின்முற்றத்தில் நிற்கிறது. மெக்கானிக் வந்தார். என்ன கேட்டாலும் "சந்தேகந்தான்" என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். அவருக்கும் தெரியும்.

டாங்கில் இருப்பது பெட்ரோலே இல்லை, பிசின் என்றார். பிரேக் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. டயர்கள் பார்க்கப் புதிது, தொட்டால் கல். ரப்பர் குழாயெல்லாம் விரலால் அழுத்தினால் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. காற்று வடிகட்டியில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. கூரைக்குத் தனி மோட்டார், தனி எண்ணெய், அது ஒழுகுகிறது. ஓடாமல் நின்றே இவ்வளவா என்று கேட்டேன். நின்றதால்தான் இவ்வளவு என்றார். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கலாமா என்றதற்குப் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, மாற்றின பிறகுதானாம்.

சரியாகுமா?

சந்தேகந்தான்.

மார்ச் 17, திங்கள்

அவள் என்னிடம் நேராகப் பேசி ஒரு வாரம். எல்லாம் அண்ணன் வழியாக. "அண்ணா, நாளைக்கு ஆறரைக்கு ஒருத்தர் வர்றாங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடு." நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். அவரும் திரும்பி என்னிடம் அதையே சொல்கிறார், தபால்காரர் மாதிரி.

இன்று வீட்டில் மூன்று பேரும் சாப்பிடும்போது அதே குரலில் இன்னொன்றும் சொன்னாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் கூப்பிடுகிறார்களாம். மே மாதத்திலிருந்து அங்கே போகிறாளாம். அதையும் அண்ணனிடம்தான் சொன்னாள். அவர் இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை.

போறாளா? என்னை விட்டுட்டா? ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கல, நான் மட்டும் கேட்டுட்டா கையத் தூக்கினேன்? இல்லதான். டிரைவிங் ஸ்கூல் போனா போகட்டும். ஆனா அவ இல்லாம நான் யார்கிட்ட கத்துவேன்.

மார்ச் 21, வெள்ளி

எஞ்சின் உறுமியது. கொஞ்ச நேரம்தான். முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. நான் கைதட்டினேன். ஏன் நின்றது என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம், ஏன் கைதட்டினேன் என்று எனக்கு.

மார்ச் 30, ஞாயிறு

பழைய காருக்குக் கிளட்ச் மாற்றி வந்துவிட்டது. வகுப்புகள் நடக்கின்றன. நான்தான் ஒழுங்காக நடத்துவதில்லை.

நேற்றுப் பின்முற்றத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்குக்கு உதவியாக நின்றதில் மருந்துக்கடைக்காரம்மாவின் வகுப்பைச் சுத்தமாக மறந்துவிட்டேன். வாசலுக்கு ஓடினால் கார் இல்லை. நாத்தனார் கூட்டிப் போயிருக்கிறாள். சொல்லித்தருகிற லைசென்ஸ் அவளிடமும் உண்டு, எடுத்த நாளிலிருந்து அது சுவரில்தான் மாட்டியிருக்கிறது. திரும்பி வந்தபோது அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பு. மேட்டில் நிறுத்தி எடுத்துவிட்டாராம்.

"உங்க நாத்தனார் கத்தவே மாட்டேங்கறாங்க," என்றார் என்னிடம், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

நான் கத்துகிறேனா என்று இரவு அவரிடம் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

ஏப்ரல் 5, சனி

கூரை இன்று நகர்ந்தது. பாதி திறந்து, வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கின மாதிரி நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினேன். மெக்கானிக் படுத்துக்கொண்டு எங்கேயோ எண்ணெய் ஊற்றினார். அந்த நேரம் பார்த்து மழை.

குடையைப் பிடித்தேன், அது என் தலைக்கே போதவில்லை. இருக்கையெல்லாம் நனையப் போகிறது. தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால் நாத்தனார் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூடினோம். காற்று பிடுங்கியது. தார்ப்பாய்க்குக் கீழே நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் குனிந்து நின்றோம், மூச்சு வாங்கிக்கொண்டு. பேசுவாள் என்று நினைத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அவங்கள ஈரத்துணிய மாத்தச் சொல்லு."

கோபமா, பாசமா, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஏப்ரல் 11, வெள்ளி

கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். அனுப்பியது அவள்தான். மாப்பிள்ளை, பெண்ணை உட்காரவைத்துப் படம் பிடிக்க வண்டி ஓட வேண்டியதில்லையாம், கூரை பாதியில் நின்றால் இன்னும் நல்லதாம். நான் போட்ட பணத்துக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். இதை விடக் கௌரவமாகத் தப்பிக்க வழி கிடைக்காது. சரி என்றேன். அதே மூச்சில், வேண்டாம் என்றேன்.

"எதுக்கும்மா உங்களுக்கு இது?" நல்லவிதமாகத்தான் கேட்டார். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அவர் போய்விட்டார்.

அவள் கதவருகே நின்றிருந்தாள். என்னவோ பொங்கிவிட்டது.

"நான் ஓட்டி எத்தனை வருஷமாச்சு தெரியுமா உனக்கு? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க பயத்துக்கு நான் பிரேக் போட்டுட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தும் காலு தரையை அமுக்குது. உன் அண்ணன் ஓட்டினாலும் அமுக்குது. எனக்கு ஒரு தடவை... எனக்கே தெரியல என்ன வேணும்னு. ஆனா இத விக்க முடியல."

விதிகள் வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

மேட்டு வகுப்பை இனி அவளே எடுக்கிறாள். யாரும் சொல்லவில்லை, சாவி அவளிடம் இருக்கிறது. எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, யாரோ என் நாற்காலியை இழுத்துவிட்ட மாதிரியும் இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

ஓடியது.

கூரை முழுதாகத் திறந்துவிட்டது, மூடத்தான் மாட்டேன் என்கிறது. மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியோடு வெளியே நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஏன் கிளப்பவில்லை என்று எனக்கு எரிச்சல்.

"ஓட்டறது யாரு?" என்றார்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். இறங்கி, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் வேறெங்கோ பார்த்தார்.

இந்த வண்டிக்குக் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். மாணவர்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன், இப்படிப்பட்ட வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை என்று. முதல் திருப்பத்திலேயே கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மெக்கானிக்கின் நெற்றி கண்ணாடியை முட்டப் பார்த்தது. அதற்குப் பிறகு கைப்பிடியை விடவே இல்லை அவர். மூன்று தெரு போனோம். கை வேர்த்து வழிந்தது. மற்றவர்கள் இவ்வளவு கிட்டத்தில் வருவார்களா எப்போதும்? இப்படிப் பயந்துகொண்டு ஓட்டின மாணவர்களைப் பார்த்தா நான் கத்தினேன்?

ஆனால் காற்று. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

மே 1, வியாழன்

மே பிறந்துவிட்டது. அவள் வழக்கம்போல வந்து மேஜையில் உட்கார்ந்தாள். போகவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

மே 3, சனி

காலையில் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வெயில். தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறும்போது முன்னால் எங்கள் பழைய கார், பின்னால் 'ப' எழுத்தோடு. ஓட்டியது யாரென்று தெரியவில்லை, புது ஆள். பக்கத்தில் நாத்தனார். நடு மேட்டில் அணைந்துபோனது.

எனக்குப் பின்னால் ஹாரன்கள் கத்தத் தொடங்கின. பழைய கார் மெல்ல என்னை நோக்கிப் பின்னால் உருண்டது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் காரின் பிரேக் என் காலடியில் இல்லை. கத்த வாயைத் திறந்தேன், கூரையும் இல்லை, ஊருக்கே கேட்டிருக்கும். மூடிக்கொண்டேன். வண்டி ஒரு சாணுக்கு முன்னால் நின்றது. குலுங்கக்கூட இல்லை. நானாக இருந்தால் குலுங்கியிருக்கும்.

ஜன்னல் வழியாக அவள் கை வெளியே வந்தது. போங்க, போங்க என்று அசைத்தது. முந்திக்கொண்டு போனேன். திரும்பிப் பார்க்கவில்லை, நீளமாகச் சுற்றிவிட்டு வந்தேன்.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த தபாலுக்குத் தயாராக.

"முந்தறப்ப இண்டிகேட்டர் போடல அண்ணி," என்றாள்.

என்னிடம். நேராக.

"போட்டேனே."

"வைப்பர் ஆடுச்சு. அந்த வெயில்ல. இந்த வண்டியில ரெண்டும் பக்கம் மாறியிருக்கு, அதுகூடத் தெரியாம ஓட்டறீங்க. இடது காலையும் சும்மா வைக்க மாட்டேங்கறீங்களாம், மெக்கானிக் சொன்னாரு."

அவர் சிரிக்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரோட்ல கூட்டம் இருக்காது. ஆறு மணிக்கு வாங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அந்தப் பக்கம் பிரேக் கிடையாது என்றேன். தெரியும் என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் வகுப்பு நோட்டை எடுத்து வந்து, நாளைய பக்கத்தில் ஆறு மணிக்கு நேராக என் பெயரை எழுதிக்கொண்டாள்.