மஞ்சள் படிந்த நாலு வீல்

ஷாலினி,

செவ்வாய்க்கிழமை நான் அழுக்குப் பிடிக்காமல் பளபளக்கச் செராமிக் கோட்டிங் போட்டுக்கொடுத்த நாலு கார் வீலும் இன்று மஞ்சள் கறையோடு கடைக்குத் திரும்பி வந்துவிட்டன. நீயும் பாப்பாவும் சௌக்கியமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான்.

கார் நம்ம எருமப்பட்டி முட்டை வியாபாரி தீர்த்தகிரியுடையது. "ஒரு வாரம் வீல்ல தண்ணியே படக்கூடாதுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாளே இங்கே பெங்களூர்க் கோயிலில் வீலுக்கெல்லாம் மஞ்சள் குழைத்து அப்பி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டிருக்கிறார். "சாமிக்குச் செஞ்சதுல கறை புடிக்குமா? உன்ற சரக்குதான் மட்டம்" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தம் போடுகிறார்!

இன்று ஊருக்குக் கிளம்புகிறார், இந்தக் கடிதத்தைக் கவரில் ஒட்டி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஓட்டல் சோறு இறங்கவில்லை, பருப்புப்பொடி இடித்து வை. பேசி முடித்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை அவரும் வீட்டம்மாவும் பெங்களூருக்குத் திரும்பும்போது உங்கள் இரண்டு பேரையும் அந்தக் காரிலேயே கூட்டிவர வேண்டும், நீங்கள் வந்து இறங்கிய பிறகு நாலு வீலுக்கும் கூலியில்லாமல் மறுபடி போட்டுத்தருவேன்.