இச்சி மரத்துக் கம்பி

ஜூலை 9

சேனாக்குட்டி, உன் மரத்தில் ஒரு கொப்பு மட்டும் இலை பழுக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். கொடைக்கானல் நர்சரியில் வேலை பழகும்போது நீயே குட்டையாக வளர்த்துக் கொண்டுவந்த இச்சி மரம், போன்சாய் என்பாயே, சோற்றுத்தட்டு அளவு தொட்டியில். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய் நாலு மாதம். இதுவாவது அம்மாவுக்கு இருக்க வேண்டாமா?

ஜூலை 12

தண்ணீரை நிறுத்திவிட்டேன். காட்டில் பூண்டுக்கு இலை பழுத்தால் நாம் அதைத்தானே செய்வோம். வேறு எனக்கு என்ன தெரியும்?

ஜூலை 13

உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

ஜூலை 17

பச்சைக் கொப்புகளும் வாடிவிட்டன. பக்கத்து வீட்டுக் காளியாயி எட்டிப் பார்த்தாள். "முழங்கால் ஒசரங்கூட இல்ல, இதப் பாக்க நூறு நடை நடக்குறீங்களே மதினி."

உன் அப்பா, காட்டில் களை கிடக்கு, சோலியைப் பார் என்றார். நேற்று யாருமில்லாத நேரம் அவரே தொட்டியை வெயில் பக்கம் நகர்த்தியதை நான் பார்க்காமலா இருந்தேன்?

ஜூலை 18

வெள்ளனே பஸ் ஏறி, மரத்தை மடியில் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். உன் முதலாளி தமீம் அன்சாரி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பூண்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பூண்டப் புடுங்கப் போறோம், தண்ணிய நிறுத்துறோம். இது நம்மளுக்கு அப்புறமும் இருக்கணும்லம்மா?"

பிறகு பழுத்த கொப்பைக் காட்டினார். வளைப்பதற்காக நீ சுற்றிய கம்பி பட்டைக்குள் இறங்கிக் கிடந்தது. கொப்பு பருக்கும் முன்னே எடுத்திருக்க வேண்டுமாம். "சேனா இருந்திருந்தா சித்திரையிலயே..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

அவிழ்க்கக் கூடாது, பட்டை உரிந்துவிடும். சுற்றுச் சுற்றாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று கைநீட்டினார். நான் தொட்டியைக் கொடுக்கவில்லை. கம்பி வெட்டியைக் கொடுத்தனுப்பினார்.

ஜூலை 24

தண்ணீர் கண்டதும் மற்ற கொப்புகள் தெளிந்துவிட்டன. கம்பிக் கொப்பு மட்டும் தேறவில்லை.

நறுக்கினால் நீ சுற்றிய கம்பி துண்டு துண்டாகத்தான் வரும். உன் கையால செஞ்சது இந்த வீட்ல வேற என்ன இருக்கு? உன் துணிமணியெல்லாம் ஆத்துல விட்டாச்சு. இதையும் நானே வெட்டணுமா?

ஜூலை 26

மாட்டேன்.

ஆகஸ்ட் 2

அந்தக் கொப்பில் இரண்டே இலை. உன் அப்பா கம்பி வெட்டியை எடுத்துவந்து முன்னால் வைத்தார். "நீ வெட்டுறியா, நான் வெட்டட்டா?"

நான்தான் வெட்டினேன். அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். பாதியில் கம்பி வெட்டி வழுக்கிப் பட்டையில் பட்டது. பால் வடிந்தது. மிச்சத்தையும் வெட்டினேன்.

ஆகஸ்ட் 30

நுனியில் ஒரு துளிர். கம்பி இருந்த தடம் மறையவில்லை. பிடி விட்டுப்போனதில் கொப்பு பாதி நிமிர்ந்துவிட்டது.

தமீம் பாய் கண்டக்டரிடம் புதுக் கம்பி கொடுத்துவிட்டிருக்கிறார், திரும்பச் சுற்றி, பட்டையில் இறங்காமல் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லி. கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சேனா, இத நீ எந்தப் பக்கமா வளைக்க நெனச்சிருந்த?