குடை என்று சொன்ன பிறகு

மார்ச் 4

அன்புள்ள மனைவிக்கு,

கேப்டன் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்துப் பரிமாறுகிறார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் உன் பெயரைத் திறந்தால் நீ அனுப்பிய ஆபீஸ் பம்ப் வரைபடம்தான் வருகிறது. அதனால்தான் காகிதம்.

சனிக்கிழமை மதியமானால் நம் வீட்டுப் பின்னறை விண்கலம், நீ கேப்டன், கைப்பட்டை மாட்டிய நான் உன் இயந்திர மனிதன், தகரம். இருவரும் ஆசைப்பட்டுத் தொடங்கியது. மண்டியிட்டதில் எனக்கு வெட்கமே இல்லை, வாரம் முழுக்க அதற்காகக் காத்திருந்தவன். ஆனால் போன மாதம், கை கட்டியிருக்கும்போதே, "வால்வு அளவு ஏன் தப்பாச்சு?" என்றாய். விண்கலத்தில் கேட்கிற கேள்வியா அது?

திங்கட்கிழமை ஆபீஸ் கூட்டத்தில், எட்டுப் பேர் முன்னால், அதே குரலில் "நிமிர்ந்து நில்லு" என்றாய். என் கைகள் தாமாகப் பின்னால் போய்விட்டன. "குடை" என்றேன். விளையாட்டில் ஒருவருக்குத் தாங்காமல் போனால் சொல்ல வைத்த அந்தச் சொல் வந்தால், கேட்டவர் உடனே நிறுத்தி, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். நீ போட்ட விதிதான். ஸ்டோர்காரர், பாவம், தன் குடையை எடுத்து நீட்டினார். நீ "அடுத்த பக்கம்" என்றாய்.

உன் கணவன்

மார்ச் 7

அன்புள்ள தகரத்துக்கு,

கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகும் இயந்திரத்தை இப்போதுதான் பார்க்கிறேன். அன்று மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். பிரிவுத் தலைவி நான், விளையாட்டுச் சொல்லுக்காகக் கூட்டத்தை நிறுத்த முடியுமா? நீ லீவு போட்டதில் வரைபடங்கள் மலையாகக் கிடக்கின்றன. வெள்ளிக்குள் வந்துவிடு. கைப்பட்டை பிய்ந்திருந்தது, தைத்து வைத்திருக்கிறேன்.

கேப்டன்

மார்ச் 10

மனைவிக்கு,

"வெள்ளிக்குள் வந்துவிடு" என்றது யார்? கேப்டனா, பிரிவுத் தலைவியா, நீயா? மூன்று முறை படித்தும் தெரியவில்லை. அது விளையாட்டுச் சொல் இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் உன்னிடம் கையை நீட்டினேன். உன் காதில் விழவில்லை என்றால் மன்னித்திருப்பேன். விழுந்தது, உன் பேனா ஒரு நொடி நின்றது. இனி எதை நம்பி நீட்டுவேன்?

மார்ச் 15

என்னவனுக்கு,

விழுந்தது. நிறுத்தினால் நம் ரகசியம் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் குரலில் சொன்னால் வேலை சட்டென்று நடந்தது, அது எனக்குப் பிடித்துப்போனது. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

நேற்று மேலதிகாரியிடம் போய், "என் வீட்டுக்காரர் வேலைய நானே மேற்பார்க்கிறது சரியில்ல சார், என்னை வேற பிரிவுக்கு மாத்திடுங்க" என்றேன். தலைவி பதவி போயிற்று. அதற்காக நீ வர வேண்டியதில்லை.

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கேப்டனுக்கு எதற்கு என்ற திமிர். இப்போது சொல்கிறேன்.

குடை.

மார்ச் 17

கேட்டது.

பின்னறை கொஞ்ச நாள் பூட்டியே இருக்கட்டும். சமையலறையில் உட்கார்ந்திரு, எழுந்திருக்காதே. நாளை சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் வருகிறேன். தண்ணீர் நான் எடுத்துத் தருகிறேன்.

தகரம்